கூதிர்காலத்துக் காய்ச்சலும் கூலியில்லாத மூன்று மாதமும்

பெருமுக்கல் பக்கத்தில் யாரும் கம்பளி வாங்குவதில்லை. மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பெரியவர்கள் காதை மறைத்து ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் குளிருக்கான ஏற்பாடு முடிந்தது. ஆனாலும் திண்டிவனம் - மரக்காணம் சாலையை ஒட்டிய இந்த மலையடிவார ஊரிலும், கிழக்கே கடல்வரை கிடக்கும் உப்பளத்துக் கிராமங்களிலும், ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்' என்ற விளம்பரமும் வாட்ஸ்அப் வைத்தியமும் கொட்டுவது இதே மாதங்களில்தான். அதில் பெரும்பகுதி பனி கொட்டும் நாடுகளுக்காக எழுதப்பட்டது. மீதி, ஏதோ ஒரு பொடியை விற்பதற்காக எழுதப்பட்டது. இந்தக் கரையில் எது எடுபடும், எது எடுபடாது என்று இதுவரை வந்த ஆய்வுகளை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே மழைமாதத்து உடம்பின் பலத்தைக் கஷாயச் சட்டியைவிடச் சோற்றுப் பானையே அதிகம் தீர்மானிக்கிறது.

முதலில் குளிரின் பங்கு என்ன என்று பார்க்கலாம். 2007-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், 5 டிகிரிக் குளிரிலும் வறண்ட காற்றிலும் ஃப்ளூ வைரஸ் நன்றாகப் பரவியது; 30 டிகிரியில் காற்றுவழிப் பரவல் நின்றுபோனது. 2022-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். நான்கைந்து டிகிரிக் குளிரில் கால்மணி நேரம் நின்றால் மூக்கின் உள்வெப்பம் சுமார் 5 டிகிரி குறைகிறது. கிருமியைப் பிடித்து அழிக்க மூக்கின் உட்சுவர் அனுப்பும் நுண்ணிய பைகளின் எண்ணிக்கையும் அதனால் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிகிறது. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் அந்தக் குளிர் நமக்கு ஊட்டி போன்ற மலைகளில்தான் உண்டு, இந்தக் கரையில் இல்லை.

அப்படியிருக்க இங்கே ஏன் சளி? தேசிய வைராலஜி நிறுவனத்தின் மந்தீப் சத்தாவும் உடன் ஆய்வாளர்களும் இந்திய நகரங்களின் ஃப்ளூ கண்காணிப்புத் தரவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில். ஆக, காஷ்மீரில் குளிரைப் பின்தொடரும் ஃப்ளூ மற்ற இடங்களில் மழையைப் பின்தொடர்கிறது. உலக அளவிலும் இதே சித்திரம் 2013-இல் வந்தது: குளிர்ந்து வறண்டுபோகும் இடங்களில் ஒரு பருவம், ஈரமும் மழையும் மிகும் வெப்பநாடுகளில் வேறொரு பருவம். மழையில் என்ன நடக்கிறது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் மார்கழி, தையை முன்பனி என்றும் பிரித்துவைத்தார்கள். நோய்க் கணக்குக்கு இந்தப் பிரிவு நாள்காட்டிக் குளிர்காலத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. இங்கே ஆபத்து கூடுதலாக இருப்பது கூதிரில். முன்பனியில் மிஞ்சுவது பெரும்பாலும் அதன் வால்தான்.

உப்பளத்துக்காரர்களுக்குக் கூதிர் என்பது வேலையில்லாக் காலம். பொங்கலுக்குப் பிறகு பாத்தியைச் சீர்செய்து மிதித்து, மாசி பங்குனியில் உப்பு வாரத் தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் குளம். கரையில் குவித்த உப்பு அம்பாரத்தைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடி, காற்றில் பறக்காமல் கட்டிவிட்டால் பிறகு தை வரைக்கும் அளத்தில் கூலி என்று எதுவும் கிடையாது. அதே மாதங்களில் கடலும் கொந்தளிக்கிறது, மீன்பிடிப் படகும் அடிக்கடி கரையிலேயே கிடக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் கடலோடு கடலாயின. கிருமிக்குத் தோதான மாதமும் கையில் காசில்லாத மாதமும் இங்கே ஒன்றாக வருகின்றன. இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு இஞ்சியைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் எத்தனை பக்கம் எழுதினாலும் பெருமுக்கலுக்கு உதவாது.

'எதிர்ப்பு சக்தி' என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் பல வேலையாட்கள் சேர்ந்த ஏற்பாடு. தோல், மூக்குச் சளி, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள், ஒருமுறை பார்த்த கிருமியை நினைவு வைத்துக்கொள்ளும் டி, பி அணுக்கள், அவை செய்யும் எதிர்ப்புரதங்கள் எல்லாம் அதில் அடங்கும். இதைத் திருகி ஏற்றுவதற்கு ஒரு குமிழ் கிடையாது. அளவு மீறி ஏறினால் அதுவே நோய். ஒவ்வாமையும் முடக்குவாதமும் கொரோனாவில் பலரைக் கொன்ற கட்டுமீறிய அழற்சியும் அந்த வகைதான். உப்பளத்தில் மழைக்கு முன் வரப்பை மலையாக உயர்த்துவதில்லை. எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்து அடைக்கிறார்கள். உடம்புக்கும் செய்யக்கூடியது அதுதான்: பற்றாக்குறை எங்கே இருக்கிறதோ அங்கே நிரப்புவது.

பற்றாக்குறையை நிரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் இரண்டு சான்றுகளில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லக்ஷ்மி ரஹ்மதுல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ சொட்டு; உணவில் கிடைக்க வேண்டிய அளவுதான், அதற்கு மேல் இல்லை. ஓராண்டில் அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. 1990-இல் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே குழு வெளியிட்ட இன்னொரு முடிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை: சொட்டு குடித்த குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கும் சளியும் மற்றவர்களைப் போலவேதான் வந்தன. வருவது குறையவில்லை, வந்ததில் சாவது குறைந்தது. எதிர்ப்பு சக்தி என்ற பேச்சில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த வேறுபாடுதான். சளியே பிடிக்காத உடம்பு என்று எவனாவது விற்றால் அவன் பொய் சொல்கிறான். சளி பிடித்தாலும் நிமோனியாவாக முற்றவிடாமல் தாங்கும் உடம்புதான் கிடைக்கக்கூடியது; அது முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கிடைக்கிறது.

இரண்டாவது சான்று காசநோயைப் பற்றியது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் 10,345 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை. இன்னொரு பிரிவுக்குக் கூடுதலாக எதுவுமில்லை. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. இதன் அருமை புரிய வேண்டுமானால் நம் செங்கல்பட்டை நினைக்க வேண்டும். 1968-இல் அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று பதினைந்தாண்டு காத்திருந்து கண்டார்கள். அந்த ஊசியால் முடியாததில் பாதியை அரிசியும் பருப்பும் செய்துவிட்டன.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1918-இல் பருவமழை பொய்த்து விலைவாசி ஏறி ஊர் பட்டினி கிடந்த ஆண்டின் அக்டோபரில்தான் அந்தக் கொடிய இன்ஃப்ளூயன்ஸாவின் அலை சென்னை மாகாணத்தைத் தாக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். அதே வைரஸ்தான் உலகெங்கும் சுற்றியது. சாவு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே அளவில் விழவில்லை.

இனி அடுப்படிக்குப் போகலாம். இந்தக் கரையில் சளிக்கு முதல் மருந்து நண்டு ரசம். விலைபோகாத சின்ன நண்டுகளை ஓட்டோடு அம்மியில் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு நசுக்கிப் போட்டு, புளியைக் குறைத்துக் கொதிக்கவிடுவார்கள். வாசம் தெருமுனை வரை வரும். குடித்தால் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், நெஞ்சு இளகியது போலிருக்கும். இது வெறும் பிரமையல்ல. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம் 2008-இல் சளி பிடித்த 30 பேருக்குச் சூடான பழச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தது. மூக்கடைப்பை அளக்கும் கருவியில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், அசதி எல்லாவற்றிலும் உடனே நிம்மதி என்று சொன்னார்கள். வெறும் பழச்சாறே அவ்வளவு செய்தால் மிளகும் பூண்டும் சேர்ந்த ரசத்தைக் குறை சொல்ல நான் தயாரில்லை. சுக்குமல்லிக் காபி, தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் இதே கணக்கில் வரும். நிம்மதி தருபவை. கிருமியைத் தடுப்பவை என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நண்டு ரசத்தில் மட்டும் கொஞ்சம் புரதமும் இறங்குகிறது என்பது கூடுதல் லாபம்.

ஆவி பிடிப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. நொச்சி இலை வாசம் நன்றாக இருக்கும், சளியும் சற்று இளகும். ஆனால் கொதிக்கும் பானையைப் போர்வைக்குள் வைத்துக் குழந்தையைக் குனியவைப்பது எத்தனையோ தீக்காயத்தில் முடிந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீர் தனிக் கதை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசே ஊர் ஊராகக் காய்ச்சி ஊற்றியது. 2020-இல் கொரோனாவோடு பதினைந்து சரக்குக் கபசுரக் குடிநீர் அந்த இடத்தைப் பிடித்தது. நிலவேம்பைச் சளி, இருமலில் கொடுத்துப் பார்த்த 33 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. இருமலும் தொண்டை வலியும் குறைவதாகத் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் திருப்தியாக இல்லை என்றது. என் கணிப்பும் அதுதான்: காய்ச்சலின்போது குடிப்பதில் பெரிய தவறில்லை, நோயே வராமல் காக்கும் கவசம் என்று நம்பி மாதக்கணக்கில் குடிப்பதில் பொருளில்லை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மெடிக்கல் ஷாப் மாத்திரைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று 1970-இல் லைனஸ் பாலிங் புத்தகம் எழுதி உலகை நம்பவைத்தார். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு, பொதுமக்களிடம் அது சளி வருவதைக் குறைப்பதில்லை என்றது. தினமும் எடுப்பவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் பெரியவர்களில் 8 சதவீதமும் குழந்தைகளில் 14 சதவீதமும் குறைகிறது, அவ்வளவே. மாரத்தான் ஓடுபவர்கள், பனிமலையில் பயிற்சி எடுக்கும் படைவீரர்கள் போலக் கடும் உடலுழைப்பாளர்களுக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. உப்பு வாருபவர்களை யாரும் அந்தப் பட்டியலில் சேர்த்துச் சோதிக்கவில்லை! ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும் என்பது என் கட்சி. துத்தநாக மாத்திரை சளிக் காலத்தைக் கொஞ்சம் சுருக்கலாம், உறுதியான சான்றில்லை. வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு உதவலாம். வெயிலில் காய்ந்தே பிழைக்கும் அளத்துக்காரர்கள் அதற்குக் கடைசி வரிசை.

கருவாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே மலிவாகக் கிடைக்கும் புரதம் அதுதான், இந்த மண்ணின் உப்பிலேயே பதப்பட்டது. ஆனால் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 2020-இல் ஒன்றைக் கண்டது. வழக்கமான உணவோடு தினம் 6 கிராம் உப்பைக் கூடுதலாக ஒரு வாரம் சாப்பிட்டவர்களின் வெள்ளணுக்கள் பாக்டீரியாவைக் கொல்லும் திறனில் பின்தங்கின. எனவே கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுக் குழம்பில் போடுங்கள், குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். கருவாட்டை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நான் துணியமாட்டேன்.

புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதிலும் எதிர்பாராத ஒரு பாடம் நம் வாசலிலேயே கிடைத்தது. ஹாப்பின் என்ற பன்னாட்டு ஆய்வு 2018-இல் கௌதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்துத் தொடங்கியது. இந்தியாவில் அதன் களம் அன்று ஒன்றாயிருந்த விழுப்புரம் மாவட்டமும் நாகப்பட்டினமும். பாதி வீடுகளுக்குப் பதினெட்டு மாதம் இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். வீட்டுப் புகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2024-இல் முடிவு வந்தது. இதை வைத்துப் புகை நல்லது என்று யாரும் வாதிட வேண்டாம். ஒரே ஓட்டையை அடைத்தால் போதாது என்பதுதான் இதில் தெரிவது. கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. சிலிக்கா தூசி, கிருமியை விழுங்க வேண்டிய நுரையீரல் அணுக்களையே சாகடிக்கிறது, காசநோய்க்கு வழிவிடுகிறது. அவர்களுக்கு லேகியத்தைவிடப் பாறையில் தண்ணீர் தெளித்து உடைப்பதும் நல்ல முகக்கவசமும் பெரிய மருந்து.

தூக்கத்தைப் பற்றிப் பணக்காரப் பத்திரிகைகள்தான் எழுதும் என்று நினைத்திருந்தேன். 2015-இல் அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி கட்டி அளந்து, பிறகு மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்து, தண்ணீர் ஏறும் தரையில் பாயைச் சுருட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குவார்கள்? இங்கே தூக்கம் என்பது ஓட்டுக்கும் தார்ப்பாய்க்கும் சம்பந்தப்பட்டது. குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்பவர்களும் உண்டு. சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை, தோலுக்கு ரத்தத்தைத் தள்ளிச் சூட்டை வெளியேற்றுகிறது; நுரையீரலின் காவலையும் தளர்த்துகிறது.

சர்க்கரை நோயை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14 சதவீதத்துக்கு மேல் பெரியவர்களுக்குச் சர்க்கரை. கூப்பிடு தூரத்திலுள்ள புதுச்சேரியில் 26.3 சதவீதம். கட்டுப்படாத சர்க்கரையில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஃப்ளூ, நிமோனியா, காசநோய் எல்லாமே முற்றுகின்றன. மழையில் சாலை துண்டிக்கப்பட்டு மாத்திரை தீர்ந்துபோவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் அக்டோபருக்கு முன்பே இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் எந்தப் பொடியும் செய்யாத வேலையை அது செய்யும்.

எதிர்ப்பு சக்தியைக் குறிப்பிட்ட கிருமிக்கெதிராக நிஜமாகவே கூட்டுவது தடுப்பூசி ஒன்றுதான். நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தவறவிடக்கூடாது. ஃப்ளூ ஊசி தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, தனியாரில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். முதியவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, சர்க்கரைக்காரர் போட்டுக்கொள்ளலாம். உடம்பு பதில் தர இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் புரட்டாசியிலேயே போட வேண்டும். ஜனவரியில் போடுவது ஸ்ரீநகரிலேயே தாமதம். காசே இல்லாதவர்களுக்குச் சோப்பு இருக்கிறது. கை கழுவும் பழக்கம் சளிக் காய்ச்சலை ஏழில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது காக்ரேன் தொகுப்பின் கணக்கு.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை வெட்டி வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கூதிர்காலத்துக் காய்ச்சல் எல்லாம் சளிக் காய்ச்சல் அல்ல. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்ற பூச்சிக் காய்ச்சல் மூன்றும் மழையோடு வருபவை. இவற்றை எதிர்ப்பு சக்தியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பதுதான் உயிரை எடுக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் உடம்பைத் துணி விலக்கிப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்புக் கயிறு படும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம்; வலிக்காது, அரிக்காது. புதரில் விறகு பொறுக்கியவர்களுக்கும் வயலில் உட்கார்ந்தவர்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பூச்சி கடித்த இடம் அது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போகும். தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது.

கடைசியாகக் காசு. ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் முட்டையோடு சோறு, 2022 முதல் அரசுப் பள்ளியின் சின்ன வகுப்புகளுக்குக் காலை உணவு. ஆனால் கனமழைக்குப் பள்ளிக்கு விடுமுறை விடும்போது அந்த முட்டைக்கும் விடுமுறைதான். உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவதாக அரசு 2021-இல் அறிவித்தது. 92 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய். முட்டை 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒன்று என்றால் நாளுக்கு 28 ரூபாய், மூன்று மாதத்துக்கு 2,576. மிச்சம் 2,424 ரூபாயில் பருப்பு, எண்ணெய், சோப்பு, கூரைக்குத் தார்ப்பாய். இழுத்துப் பிடித்தால் போதும். ஆனால் அந்தப் பணம் முழுவதும் ஐப்பசி பிறக்கும்போதே கைக்கு வர வேண்டும். பொங்கலை ஒட்டி வந்தால் அதில் பாதி கடைக்காரர் கடனுக்கும் மீதி மருத்துவமனைச் செலவுக்கும் போயிருக்கும்.